யார் முதலில் தொடங்குவது

பிரவீனாவுக்கு இந்த வருடம் புதுநன்மை கிடையாது என்று ஃபாதர் ராயப்பன் சொன்னபோது, அவள் அம்மா ஜெனிட்டாவின் சேலையில் இன்னும் கோழித்தீவன வாடை அடித்துக்கொண்டிருந்தது. பண்ணையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள். கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அது பாட்டுக்கு முட்டையிடும். இட்டதைப் பொறுக்க வேண்டும், கீறல் விழுந்ததைத் தனியாக எடுக்க வேண்டும், லாரி வருவதற்குள் அட்டையில் அடுக்க வேண்டும். எட்டு மணிக்கு விட்டுவிடுகிறேன் என்று சொன்ன சூப்பர்வைசர் ஒன்பதரைக்குத்தான் விட்டார். வீட்டுக்குப் போய் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் பூசையும் முடிந்துவிட்டது, பூசைக்குப் பின் நடந்த மறைக்கல்வித் தேர்வும் முடிந்துவிட்டது.

புதுநன்மை என்பது எட்டு ஒன்பது வயதில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி, மதியம் சொந்தபந்தத்துக்கு பிரியாணி. அதற்கு முந்தின ஞாயிறு, மந்திரங்கள் தெரிகின்றனவா என்று பங்குச் சாமியாரான ஃபாதர் கேட்டுப் பார்ப்பது வழக்கம். மற்ற பிள்ளைகள் இருபத்தொரு பேரும் கோயிலுக்குள் வரிசையாக நின்று சொல்லி முடித்துப் போயிருந்தார்கள். பிரவீனா மட்டும் தனியாக, ஃபாதரின் அறையில், மேசைக்கு எதிரே நின்றாள்.

அவர் அதட்டவில்லை. மிட்டாய் டப்பாவைக் கூட நகர்த்தி வைத்தார். அருள் நிறைந்த மந்திரம் சொல்லு சாமி என்றார். பிள்ளை சுவரைப் பார்த்தது. சரி, பரலோக மந்திரம் சொல்லு என்றார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தது, எதற்கோ காத்திருப்பது போல. மூன்றாவதாக, எல்லாவற்றிலும் சின்னதான திரித்துவப் புகழைக் கேட்டார். அதற்கும் வாய் திறக்கவில்லை. ஜெனிட்டா கதவோரம் நின்று, சொல்லு, சொல்லு என்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒண்ணுமே தெரியலையேம்மா,” என்றார் ஃபாதர். “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ஒரு வருஷம் எங்கயும் ஓடிப்போயிடாது.”

ஆனால் ஜெனிட்டாவுக்கு அது ஓடிப்போகிற வருடம்தான். அவள் புருஷன் சேவியர்ராஜ் சத்தீஸ்கரில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்துக்கு ஒருமுறை வருவான். இந்த முறை தீபாவளிக்கும் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம், மகளின் புதுநன்மைக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சி ஐந்து நாள் லீவு வாங்கியிருந்தான். வியாழக்கிழமை ரயில். வெள்ளை கவுன் தைத்தாகிவிட்டது. அதை அவனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, அவன் அதை வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் காட்டியும் ஆகிவிட்டது.

வீடு திரும்பியதும் மகளை நிற்க வைத்துக் கேட்டாள். ஏன் சொல்லவில்லை, தெரியாதா, மறந்துவிட்டதா, பயமா. பிரவீனா எல்லாவற்றுக்கும் தலையை ஒரே மாதிரி ஆட்டினாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள் ஜெனிட்டா. அன்றைக்கு முழுவதும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி நனைத்தாள். சாயங்காலம் புருஷன் போனில் கேட்டபோது, எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லி வைத்தாள். சொன்ன பிறகு இன்னும் மோசமாக இருந்தது.

திங்கள்கிழமை பண்ணைக்குப் போகாமல், காலை முதல் வேலையாகக் கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே அக்சிலியா டீச்சர்தான் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவர். பெல் அடிப்பதற்கு முன் வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். ஜெனிட்டா போன வேகத்தில், வருஷம் பூராவும் என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். வராந்தாவில் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

 டீச்சர் பீரோவைத் திறந்து பிரவீனாவின் மஞ்சள் நோட்டை எடுத்து வந்தார்.

இந்த மஞ்சள் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஃபாதர் ராயப்பனின் சொந்த யோசனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பள்ளி, வீடு, கோயில் என்று மூன்று கட்டம். பள்ளியில் மந்திரம் படித்தால் டீச்சர் கையெழுத்து, வீட்டில் குடும்ப செபம் சொன்னால் அம்மாவோ அப்பாவோ கையெழுத்து, இரண்டும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முத்திரை. மூன்று பேரும் கைகோத்துத்தான் பிள்ளையை வளர்க்க வேண்டும் என்று பூசையில் நாலு வாரம் பிரசங்கம் வைத்தார். சேலத்தில் நடந்த கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துப் போய்க் காட்டி, கைதட்டும் வாங்கி வந்தார்.

டீச்சர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். முப்பத்தெட்டு வாரம். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

“இது உங்க கையெழுத்துத்தானுங்களே?”

“ஆமாங்க.”

“தினமும் ஊட்டுல செபம் சொல்லிப் பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?”

ஜெனிட்டா நோட்டைப் பார்த்தாள். கோயில் வாசலில், வண்டி சீட்டின் மேல் நோட்டை வைத்து, நாலு வாரத்துக்குச் சேர்த்துப் போட்டது எத்தனையோ முறை. காலையில் ஐந்து மணிக்குப் பண்ணைக்குப் போவாள், பதினொன்றுக்கு வருவாள். மறுபடி நாலு மணிக்குப் போனால் லோடு ஏற்றிவிட்டுத் திரும்ப எட்டாகும். ஏழு மணிக்கு அப்பனும் மகளும் போனில் ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டிச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்கிறார்கள் என்றுதான் தெரியும், கேட்டதில்லை.

“டீச்சர் போட்டிருக்காங்களே, அவங்க பார்த்திருப்பாங்கன்னு போட்டேனுங்க,” என்றாள் கடைசியில்.

அக்சிலியா நோட்டை மூடினார். அவருக்கும் முகம் மாறிவிட்டது. முப்பது பிள்ளைகளை உட்கார வைத்து, நேரமில்லாமல், தான் தொடங்க, அவர்கள் முடிக்க, பெல் அடித்ததும் எழுந்து ஓடின காலைகள் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நீங்க போட்டிருந்தீங்கன்னுதான் நானும் போட்டேன்,” என்றார்.

 பெல் அடித்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெனிட்டா பண்ணையில் இரண்டு அட்டை முட்டையைக் கீழே போட்டாள். அறுபது முட்டை. சூப்பர்வைசர் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை. லோடு ஏற்ற இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போகாமல், பக்கத்தில் மயிலம்மாளின் மாவுக்கடைக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிரவீனா அங்கேதான் இருப்பாள். மயிலம்மாள் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். வாசலில் மாரியம்மன் படம், உள்ளே மூன்று கிரைண்டர். ஜெனிட்டாவை ஒருநாளாவது கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

நடந்ததை எல்லாம் ஜெனிட்டா கொட்டினாள். என் பிள்ளைக்கு ஒரு மந்திரம் தெரியவில்லையாம் அக்கா, அவங்க அப்பா வந்து கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று அழுதாள். மயிலம்மாள் மாவுக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எவன்டி சொன்னது தெரியலைன்னு? தினம் ஏழு மணிக்கு இந்த ஸ்டூல்மேல போனை வெச்சுக்கிட்டு கடகடன்னு சொல்றா. உன்ற புருஷன் அங்க ஆரம்பிப்பான், இவ இங்க முடிப்பா. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வந்துபோச்சு. இன்னும் ஒரு வருஷம் போனா உங்க சாமியார் எனக்கே வெள்ளைக் கவுன் போட்டு உட்ருவாரு.”

சொன்னதோடு நிற்கவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, சேவியர்ராஜின் குரலைப் போலவே இழுத்து, அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னாள். நடுவில் இரண்டு சொல் அவளுடைய சொந்தச் சரக்கு. சொல்லி அவள் மூச்சு விட்டதுதான் தாமதம், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிரவீனா, தலையைக்கூடத் தூக்காமல், பின்பாதியைப் பிசிறில்லாமல் சொல்லி ஆமென் போட்டாள்.

 பரலோக மந்திரத்தின் முன்பாதியை ஜெனிட்டாவே சொல்லிப் பார்த்தாள். பிள்ளை முடித்தது. திரித்துவப் புகழ், முடித்தது. கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை அப்படித்தான். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லுவார்கள். பள்ளியில் டீச்சர் முன்பாதி. கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முன்பாதி. வீட்டில் போனுக்குள் அப்பா. இந்தப் பிள்ளை எங்கேயும் தொடங்கியதே இல்லை. அன்றைக்கு ஃபாதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவர் தொடங்குவார் என்றுதான்.

அவள் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாவு ஈரம் சேலையில் ஒட்டியது.

“முன்னாடி இருக்கறதும் உனக்குத் தெரியுமா கண்ணு?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் ஃபாதர் கேட்டப்பச் சொல்லல?”

“அது அப்பா சொல்றது.” பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள் பிரவீனா. “ரெண்டையும் நானே சொல்லிட்டா, அப்பா எதுக்குப் போன் பண்ணுவாரு?”

மயிலம்மாள் சத்தமில்லாமல் கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை.

புதன்கிழமை ஜெனிட்டா மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அக்சிலியா டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.  புதுநன்மைக்கு இருக்கிற மற்றப் பிள்ளைகளைக் காலையில் ஒவ்வொருவராக மரத்தடிக்குக் கூப்பிட்டு, நீயே தொடங்கு என்று கேட்டுப் பார்த்தாராம். இருபத்தொரு பேரில் பதின்மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒருத்தன் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டு தப்பித்திருக்கிறார்கள். தாமதமாக வந்ததால் மாட்டியது பிரவீனா மட்டும்.

இரண்டு பேரும் சேர்ந்தே ஃபாதரிடம் போனார்கள். அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் நடக்க ஆரம்பித்தார், ஜன்னலுக்கும் பீரோவுக்குமாக. பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, மஞ்சள் நோட்டுத் திட்டத்தை நேரில் பார்க்கவென்றே சேலத்திலிருந்து பெரிய சாமியார் வருகிறார் என்றெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேசையில் இருபத்திரண்டு மஞ்சள் நோட்டுகள் அடுக்கி இருந்தன, வந்தவருக்குக் காட்ட.

“பதினாலு பேரையும் நிறுத்தச் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“நிறுத்தறதுன்னா முதல்ல என்னை நிறுத்துங்க ஃபாதர்,” என்றார் அக்சிலியா. “அடுத்தது இவங்க. அப்புறம் நீங்க. முத்திரை உங்களுது.”

பள்ளிக்கூட டீச்சர் பங்குச் சாமியாரிடம் அப்படிப் பேசி அந்தக் கோயிலில் யாரும் கேட்டதில்லை.  ஃபாதர் ராயப்பன் உட்கார்ந்தார். ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார், மூன்று கட்டமும் நிறைந்த பக்கங்களை. மூணு பேரும் அடுத்தவங்க கையெழுத்தைத்தான் பார்த்திருக்கோம், பிள்ளையைப் பார்க்கலை என்று சொல்லி, நோட்டுகளை எல்லாம் அள்ளி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். இன்றிலிருந்து வீட்டில் பிள்ளை தொடங்க வேண்டும், பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். பள்ளியிலும் அப்படியே. வியாழனும் வெள்ளியும் கோயிலில் சாயங்கால ஜெபமாலைக்கு ஃபாதரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்லுவார். சனிக்கிழமை ஆறு மணிக்கு, வீட்டிலிருந்து அம்மாவோ அப்பாவோ கூட வர, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். தொடங்கினால் ஞாயிறு புதுநன்மை. இல்லாவிட்டால் இல்லை, பத்திரிகையில் பேர் இருந்தாலும்.

ஜெனிட்டாவுக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி அன்று ஏழு மணிக்கே திரும்ப ஏறிவிட்டது. லோடுக்குப் போகாமல் வீட்டில் இருந்து, புருஷனிடம் ஞாயிறு சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு, இன்றைக்குப் பிள்ளைதான் தொடங்க வேண்டும் என்று விளக்கினாள்.  அதுக்கென்ன, சொல்லு சாமி என்றான் அவன். பிரவீனா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற இரைச்சல். ஒரு நிமிஷம் போயிருக்கும். சேவியர்ராஜால் பொறுக்க முடியவில்லை, பழக்க தோஷத்தில் அவனே தொடங்கிவிட்டான். பிள்ளை சந்தோஷமாக முடித்துவிட்டது.

“ஏனுங்க, கொஞ்ச நேரம் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீங்களா?” என்று ஜெனிட்டா போனைப் பிடுங்கினாள்.

“நாலு வருஷப் பழக்கம்டி. ஒரே நாள்ல போகுமா?”

வியாழன் அவன் ரயிலேறினான். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை. அம்மாவோடு சொல்லு என்றால் பிரவீனா கேட்கவில்லை, அப்பா வரட்டும் என்றாள். கோயிலில் மற்றப் பிள்ளைகள் தத்தித் தத்தித் தொடங்குவதைப் பார்த்தாள், எல்லாரோடும் சேர்ந்து பதில் சொன்னாள், தன் முறை வந்தபோது தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். ஜெனிட்டா முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பாள், டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத்தான் இந்த நிலைமை. மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நீளமான சாயங்காலத்தை ஜெனிட்டா பார்த்ததில்லை. தெருவில் எந்த ஆட்டோ நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள், அவன் மறுநாள்தான் வருவான் என்று தெரிந்தும்.

சனிக்கிழமை ரயில் நாலு மணி நேரம் தாமதம். சேலத்தில் இறங்கி, பஸ் பிடித்து, சேவியர்ராஜ் வீட்டு வாசலில் பையை வைத்தபோது மணி ஐந்தேகால். குளிக்க மட்டும் விட்டாள். காபியைக் கோயில் வாசலில்தான் குடித்தான்.

கோயிலுக்குள் பதினான்கு குடும்பங்கள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் பதற்றம். ஒரு லாரி பட்டறைக்காரர் செபப்புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து இரகசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். சிலர் ஒரே மூச்சில், சிலர் மூன்றாவது தடவையில். கடைசியாகத்தான் பிரவீனாவைக் கூப்பிட்டார்கள்.

ஃபாதர் ராயப்பன் பீடத்துப் படியில், பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்சிலியா டீச்சர். பிரவீனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. சேவியர்ராஜின் தொண்டை அசைந்தது, ஜெனிட்டா பின்னாலிருந்து அவன் முதுகைக் கிள்ளினாள். ஃபாதர் காத்திருந்தார். மின்விசிறி மட்டும் கரகரவென்று சுற்றியது. பிரவீனா நிமிர்ந்து, நீங்க சொல்லுங்கப்பா என்றாள், கெஞ்சுகிற குரலில்.

சேவியர்ராஜ் முட்டி போட்டு உட்கார்ந்தான். மூன்று நாளாக அவனும் ரயிலில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

“அங்க ரிக்கு ஓடற சத்தத்துல நான் சொல்றது எனக்கே கேக்காது சாமி. போனைக் காதுல அமுக்கி வெச்சாத்தான் நீ சொல்றது கேக்கும். நான் சொல்றதுக்கா போன் பண்றேன்? உன்னையக் கேக்கத்தான் பண்றேன். நீ முன்னாடி இருக்கறதையும் சொன்னா, இன்னுங் கொஞ்ச நேரம் கேப்பேன்ல?”

பிள்ளை அவன் முகத்தையே பார்த்தது. அது நிஜமா என்று பார்க்கிற பார்வை. பிறகு கையை விட்டுவிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கியது. அப்பாவின் இழுப்பு, அப்பா மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு, அத்தனையும் அப்படியே. முன்பாதி முடிந்தது. பிரவீனா நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

பதில் வரவில்லை. சேவியர்ராஜ் விழித்தான். நாலு வருடமாகத் தொடங்கியே பழகினவன். வாயைத் திறந்தால் மறுபடி முன்பாதிதான் வந்தது. அதையே இன்னொரு முறை சொல்லப் போய், பாதியில் நிறுத்தி, நெற்றியைத் துடைத்தான். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜெனிட்டாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அவர்களே போட்ட சட்டம்.

பிரவீனா அப்பாவின் காதருகே குனிந்து, பின்பாதியின் முதல் சொல்லை மெதுவாகச் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் மெல்ல மெல்ல ஏறி, ஆமென் வரைக்கும் வந்து சேர்ந்தான்.

ஃபாதர் ராயப்பன் எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டார். யாரைப் பாஸ் போடுவது என்றுதான் தெரியவில்லை என்றார். பிறகு, பிரவீனாவின் தலையில் கையை வைத்து, காலை ஆறரைக்கு வெள்ளை உடுப்போடு முதல் பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும், இந்த முறை கோழியைக் கேட்காமல் வர வேண்டும் என்று ஜெனிட்டாவைப் பார்த்துச் சொன்னார். நோட்டு எங்கே, கையெழுத்து போட வேண்டாமா என்று சேவியர்ராஜ் கேட்டபோது, டீச்சர் சிரித்துக்கொண்டே விளக்கை அணைக்கப் போனார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதே ஜெனிட்டா அடுத்ததை எண்ணத் தொடங்கிவிட்டாள். கவுனைத் தேய்க்க வேண்டும், மயிலம்மாளுக்கு முதலில் சொல்ல வேண்டும், செவ்வாய்க்கிழமை இவன் மறுபடி ரயிலேறிவிடுவான். பிரவீனா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

“போனதும் போன் பண்ணுவீங்கதானப்பா?”

“தினமும் பண்ணுவேன் சாமி.”

“பண்ணுங்க,” என்றாள் அவள். “ஆனா உங்க பாதியைப் படிச்சுட்டுப் பண்ணுங்க.”